பலகை மாட்டும் முன் பத்திரக் கட்டு: தரகர் இல்லாமல் வீடு விற்பது

தமிழ்நாட்டில் வீடு கைமாறும்போது தரகருக்கு ஒரு சதவீதமோ இரண்டு சதவீதமோ கொடுப்பது வழக்கம். 90 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இரண்டு சதவீதம் என்றால் 1 லட்சத்து 80 ஆயிரம். அதை மிச்சம் பிடிக்கத்தான் பலர் 'வீடு விற்பனைக்கு, உரிமையாளர் நேரடி' என்று கேட்டில் பலகை மாட்டுகிறார்கள். முதல் வாரத்திலேயே ஆள் வருகிறது, விலையும் படிகிறது. பிறகு வாங்குபவரின் வக்கீல் பத்திர நகல் கேட்கிறார். பத்திரத்தில் இருக்கும் பெயர் பட்டாவில் இல்லை, பட்டாவில் இருக்கும் அளவு பத்திரத்தில் இல்லை என்று அவர் ஒரு தாள் நிறையக் கேள்வி எழுதித் தருகிறார். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

வீடு வாங்க ஆள் தேடுவது தரகர் செய்யும் வேலையில் பாதிகூட இல்லை. வக்கீலுக்கும் வங்கிக்கும் பதில் சொல்லி, இரண்டு பக்கமும் பொறுமை இழக்காமல் பதிவு நாள் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மீதி. அந்தப் பதில்களெல்லாம் உங்கள் பத்திரக் கட்டில் இருந்தால் தரகர் தேவையில்லை. இல்லாவிட்டால் தரகர் இருந்தும் இழுபறிதான். அதனால் பலகைக்கு முன்னால் கட்டைத் தயார் செய்யுங்கள். இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

கட்டில் என்ன இருக்க வேண்டும்

உங்கள் பெயரில் உள்ள மூலப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), பட்டா, புல வரைபடம், அனுமதி பெற்ற கட்டட வரைபடம், கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது. பட்டியல் இவ்வளவுதான். இவை ஒவ்வொன்றும் மற்றதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

ஒரு மேசையில் எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொண்டு, பத்திரத்தின் கடைசியில் வரும் சொத்து விவரத்தை வரி வரியாகப் படியுங்கள். சர்வே எண், உட்பிரிவு எண், நான்கெல்லை, நான்கு பக்க அளவு, மொத்தச் சதுர அடி. இதே எண்கள் பட்டாவில் இருக்கின்றனவா? நகர்ப்புறத்தில் பழைய சர்வே எண்ணுக்குப் பதில் நகர நில அளவையின் வார்டு, பிளாக், டிஎஸ் எண் (நகர சர்வே எண்) வந்திருக்கும். பத்திரத்தில் பழைய எண், பட்டாவில் புதிய எண் என்றால் இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்டும் தொடர்புச் சான்று தாலுகா அலுவலகத்தில் வாங்க வேண்டும். பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும், பத்திரத்தில் சென்ட்டிலோ சதுர அடியிலோ இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. கணக்குப் போட்டு, பத்திரத்தைவிடப் பட்டாவில் குறைவாக வந்தால் இப்போதே அளவையரைக் கூப்பிட்டு இடத்தை அளந்துவிடுங்கள். வங்கியிலிருந்து வரும் மதிப்பீட்டாளர் எப்படியும் டேப் பிடிப்பார். எந்த ஆவணத்தில் அளவு குறைவோ, அதைத்தான் அவர் கணக்கில் எடுப்பார்.

அடுத்தது பெயர். பத்திரத்தில் 'எஸ். முருகேசன்' என்றும் ஆதாரில் 'முருகேசன் சுப்பையா' என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். ஆனால் சர்வே எண்ணிலோ எல்லையிலோ தட்டச்சுப் பிழை இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம்தான் போட வேண்டும். அதில் உங்களுக்கு அன்று விற்றவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஊர் மாறியிருக்கலாம், இறந்தும் இருக்கலாம். இந்த வேலையை அட்வான்ஸ் வாங்கிய பிறகு தொடங்கினால் தவணைக்குள் முடியாது.

அப்பா அம்மா பெயரில் இருந்து வந்த வீடு என்றால் இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும். சான்றில் உள்ள அத்தனை வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். கட்டிக்கொடுத்துப் போன சகோதரியும் அதில் அடக்கம். 'அக்கா எதுவும் கேட்க மாட்டாங்க' என்ற வாய்ச்சொல்லை எந்த வக்கீலும் ஏற்கமாட்டார், ஏற்கவும் கூடாது. அவருக்குரிய பங்கைப் பேசி முடித்துவிட்டு, உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ கிரயப் பத்திரத்தில் நேரடிக் கையெழுத்தோ எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வாரிசுகளில் மைனர் இருந்து, சொத்தில் அவருக்குத் தனிப்பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அதில் உங்கள் பழைய வீட்டுக் கடன் இன்னும் நிற்கிறதா பாருங்கள். கடனை அடைத்து, பத்திரத்தையும் வங்கி திருப்பிக் கொடுத்திருக்கும். ஆனால் கடன் வாங்கும்போது பதிவு செய்த உரிமை ஆவண ஒப்படைப்புக்கு (பத்திரத்தை வங்கியிடம் ஈடாக வைத்ததற்கான பதிவு) எதிராக, கடன் தீர்ந்தது என்று காட்டும் ரசீது பத்திரம் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். ரசீது பதிவாகும்வரை வில்லங்கம் வில்லங்கமாகவே நிற்கும். வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகம் வர வேண்டும் என்பதால் இதற்கு நாள் பிடிக்கும். இப்போதுதான் கடனை அடைக்கிறீர்கள் என்றால் இது தெரிந்திருக்கட்டும்: 2023 டிசம்பர் 1 முதல், கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது.

அடுக்குமாடி வீடு என்றால் இவற்றோடு, பிரிக்கப்படாத நிலப்பங்கு (மொத்த மனையில் உங்கள் வீட்டுக்குரிய பங்கு) எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணம் பாக்கி இல்லை என்று சங்கத்திடம் ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள்.

கட்டு தயாரானதும், கடந்த 30 ஆண்டு உரிமையைப் பார்த்துச் சொல்லும் சட்டக் கருத்துரையை நீங்களே ஒரு வக்கீலிடம் வாங்குங்கள். அது வாங்குபவர் செலவு என்று சிலர் விட்டுவிடுவார்கள். சில ஆயிரம் ரூபாய்தான். வாங்குபவர் வக்கீல் கேட்கப்போகும் கேள்வி எல்லாம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும்.

விலை

'பக்கத்துத் தெருவில் ஒரு கோடிக்குப் போச்சாம்' என்பது விலை ஆகாது. நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்துக் கணக்குப் போடுங்கள். எடுத்துக்காட்டாக, 2,400 சதுர அடி நிலம், அந்தப் பகுதியில் சதுர அடி 3,000 ரூபாய் என்றால் நிலம் 72 லட்சம். அதில் 1,200 சதுர அடி கட்டடம், வயது 20. இன்று அதே தரத்தில் கட்டச் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 26 லட்சத்து 40 ஆயிரம். கட்டடத்துக்கு 60 ஆண்டு ஆயுள், கடைசியில் 10 சதவீதம் மிச்ச மதிப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு 1.5 சதவீதம் தேய்மானம். 20 ஆண்டுக்கு 30 சதவீதம் கழித்தால் கட்டடம் 18 லட்சத்து 48 ஆயிரம். மொத்தம் ஏறக்குறைய 90 லட்சம். வங்கி மதிப்பீட்டாளரும் இதே முறையில்தான் போவார். தேக்கு நிலையும் கிரானைட் மேடையும் உங்களுக்கு விலைமதிப்பில்லாதவையாக இருக்கலாம். அவர் கணக்கில் அவை கொஞ்சம்தான் கூட்டும்.

அனுமதி வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருந்து, மேலே அனுமதியில்லாமல் மாடி எடுத்திருந்தால், அந்த மாடிக்கு வங்கி மதிப்பே போடாமல் விடலாம். இதை வரும் ஆளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மறைத்தால் மதிப்பீட்டு அறிக்கை வரும் நாளில் விலையோடு நம்பிக்கையும் போய்விடும்.

வருகிறவர்கள்

பலகை, வாட்ஸ்அப் குழு, மேஜிக்பிரிக்ஸ், 99 ஏக்கர்ஸ், நோபுரோக்கர், ஓஎல்எக்ஸ் எல்லாம் போடலாம். அனுபவத்தில் அதிகம் பலிப்பது கேட்டில் தொங்கும் பலகையும், தெருக்காரர்கள் வாய்வழிச் சேதியும்தான். அதே தெருவில் வாடகைக்கு இருப்பவர்களும், அண்ணன் தம்பி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களும் அப்படித்தான் வருகிறார்கள். விளம்பரத்தில் நிலத்தின் அளவு, கட்டடத்தின் அளவு, வயது, எந்தப் பக்கம் பார்த்த வாசல், முன்னால் உள்ள சாலையின் அகலம், தண்ணீர் வசதி, கேட்கும் விலை ஏழும் இருக்கட்டும். விலையைப் போடாவிட்டால் நாள் முழுக்க போன் எடுத்துப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

தரகர்களும் கூப்பிடுவார்கள். 'அண்ணே, கையில ஒரு பார்ட்டி ரெடியா இருக்கு, நீங்க கமிஷன் தர வேணாம்' என்பார்கள். அந்தக் கமிஷன் வாங்குபவர் தலையில் விழும், அவர் அதை உங்கள் விலையில் குறைத்துக் கேட்பார். வேண்டாம் என்றால் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வாய்மொழியாக 'சரி, கூட்டி வாங்க' என்று சொல்லிவிட்டுப் பின்னால் மறுப்பது நேர்மையில்லை. அவர்களும் அதை வைத்தே பிழைக்கிறார்கள்.

வந்து பார்த்தவர் பிடித்திருக்கிறது என்றதும், 'கடைசி விலை என்ன சார்?' என்பார். அதற்குப் பதில் சொல்லும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கடன் போக உங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது? 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனில் வங்கி சொத்து மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் தர முடியாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு 80 சதவீதம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் கடன் கணக்கில் வராது. 90 லட்சம் வீட்டுக்கு அவர் 72 லட்சம் கடன் எடுத்தாலும் சொந்தக் கையிலிருந்து 18 லட்சம், பதிவுச் செலவு 8 லட்சத்து 10 ஆயிரம், ஆக 26 லட்சத்துக்கு மேல் தயாராக வைத்திருக்க வேண்டும். 'நகையை வைத்துப் புரட்டிடலாம்' என்று இழுப்பவரிடம் அட்வான்ஸ் வாங்கினால் அவரும் கஷ்டப்படுவார், உங்கள் வீடும் முடங்கும்.

பத்திர நகலை வீட்டைப் பார்க்க வந்த எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். விலை படிந்தவருக்கு மட்டும், ஒவ்வொரு பக்கத்திலும் அவர் பெயரும் தேதியும் 'பார்வைக்கு மட்டும்' என்ற வரியும் குறுக்கே எழுதிக் கொடுங்கள். ஆதார் நகலில் முதல் எட்டு எண்களை மறைத்துவிடுங்கள். மூலப் பத்திரத்தை உங்கள் முன்னால் உட்கார்ந்து பார்க்கலாம், கையில் கொடுத்தனுப்பக் கூடாது.

கிரய ஒப்பந்தம்: இங்கேதான் விற்பவர் மாட்டுகிறார்

வாங்குபவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்வார். கேட்பது நியாயம்தான். 2012-இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தம் பதிவு செய்ய வேண்டிய ஆவணம். ஆனால் பதிவானதும் அது உங்கள் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். வாங்குபவருக்குக் கடன் கிடைக்காமல் போய், அவர் போன் எடுப்பதையும் நிறுத்திவிட்டால், அடுத்து வரும் எந்த வக்கீலும் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடுவார். ரத்து செய்ய இருவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். குறித்த தவணை முடிந்து மூன்று ஆண்டு வரை, ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லி அவர் வழக்குப் போட முடியும். ஐந்து லட்சம் அட்வான்ஸுக்காக 90 லட்சம் வீடு அப்படியே நிற்கும்.

ஆகவே ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் தெளிவாக இருக்கட்டும். தவணை 90 நாளுக்கு மேல் வேண்டாம், வங்கிக் கடனுக்கு அது போதும். காலமே ஒப்பந்தத்தின் சாரம், அதாவது தவணை தவறினால் ஒப்பந்தத்தை மீறியதாகும் என்ற வரி கட்டாயம். கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், எவ்வளவு கழியும் என்பதை ரூபாயில் எழுதுங்கள். ரத்துப் பத்திரத்தில் அவர் கையெழுத்திட்ட பிறகே அட்வான்ஸ் திரும்பும் என்பதையும் எழுதுங்கள். முழு அட்வான்ஸையும் பறிமுதல் செய்வோம் என்று எழுதுவது பலமாகத் தோன்றும். உண்மையில் அதுதான் அவரை வக்கீலிடம் துரத்துகிறது. நியாயமான ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தால் மறுநாளே வந்து கையெழுத்துப் போடுவார்.

வீட்டில் குடித்தனக்காரர் இருந்தால் அவர் எப்போது காலி செய்கிறார், முன்பணத்தை யார் திருப்பித் தருவது என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். லீஸுக்கு விட்ட வீடு என்றால் அந்த லட்சங்கள் உங்கள் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத் தேதி கொடுங்கள்.

ஒரு ரூபாய் அட்வான்ஸையும் ரொக்கமாக வாங்காதீர்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவு தொகையே அபராதமாக விதிக்க வருமானவரிச் சட்டத்தில் இடமுண்டு. அபராதம் விழுவது பணம் கொடுத்தவர் மேல் அல்ல, கை நீட்டி வாங்கிய விற்பனையாளர் மேல்.

இதையொட்டி இன்னொரு பேச்சும் வரும். '70-க்குப் பதிவு பண்ணிக்கலாம், 20 கையில வாங்கிக்கங்க.' தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 70 லட்சத்துக்குப் பதிவு என்றால் வங்கி 80 சதவீதமாக 56 லட்சம்தான் தரும். வாங்குபவர் சொந்தக் கையிலிருந்து 34 லட்சம் புரட்ட வேண்டும், அதில் 20 லட்சம் ரொக்கம். அந்த ரொக்கத்தை நீங்கள் வங்கியில் போட முடியாது, அடுத்த வீடு வாங்கக் காட்ட முடியாது. கொடுத்ததற்கு அவரிடமும் ரசீது இருக்காது. தரகர் இல்லாமல் இரண்டு குடும்பம் நேராகப் பேசி முடிக்கும் விற்பனையில் இந்த ஒரு இருட்டு மூலை இல்லாமல் இருந்தாலே பாதிச் சண்டை வராது.

பதிவு நாள்

ஆடியிலும் மார்கழியிலும் பலர் பதிவு வைக்கமாட்டார்கள். அவை முடிந்த கையோடு வரும் முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்க இடமிருக்காது. ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகங்களுக்கு அன்று 100 டோக்கனுக்குப் பதில் 150 தருவதாகப் பதிவுத்துறை அறிவிப்பதுண்டு. இரண்டு பக்கமும் நாள் பார்க்காதவர்கள் என்றால் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரயப் பத்திர வரைவை ஒரு வாரம் முன்னதாகவே வாங்கி, பழைய பத்திரத்தின் சொத்து விவரத்தோடு ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். அசல் அடையாள அட்டை, பான், புகைப்படம், அடையாளம் காட்ட இரண்டு சாட்சிகள், மூலப் பத்திரம் எல்லாம் கையில் இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு பவர் கொடுத்திருந்தால், பவர் ஆவணம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை இட்டிருக்க வேண்டும். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் அன்று தேவைப்படும்.

பணம் வருகிற வரிசையைத் தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரின் சொந்தப் பங்கு முதல் நாளே ஆர்டிஜிஎஸ்ஸில் வந்துவிட வேண்டும். பதிவு நாள் காலையில் அனுப்புகிறேன் என்பவருக்குச் செயலியின் அன்றாட வரம்பு குறுக்கே நிற்கும். கடன் தொகைக்கான வரைவோலையை வங்கி ஆள் அலுவலகத்துக்கே கொண்டுவருவார். வரைவோலையில் உங்கள் பெயர் வங்கிக் கணக்கில் உள்ள எழுத்துப்படியே இருக்கிறதா, கூட்டு உரிமையாளர் இருந்தால் அவரவருக்குத் தனித்தனியாக இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். வரைவோலை எண்ணும் பணப் பரிமாற்ற எண்களும் பத்திரத்தில் வரி தவறாமல் ஏற வேண்டும்.

விலையோ அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்போ 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் வரிப் பிடித்தம் செய்ய வேண்டும். 90 லட்சத்துக்கு 90,000 ரூபாய் குறைவாகத்தான் கைக்கு வரும், அது உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டப்படும். உங்கள் பான் ஆதாரோடு இணைக்கப்படாமல் முடங்கியிருந்தால் 1 சதவீதம் 20 சதவீதமாகிவிடும், ஒப்பந்தத்துக்கு முன்பே சரிபாருங்கள். நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது. பிடித்தம் பல மடங்கு வரும், குறைந்த பிடித்தத்துக்கான சான்றை முன்கூட்டியே வருமானவரித் துறையிடம் வாங்க வேண்டும்.

சாவி கொடுத்த பின்

லாபத்துக்கு வரி உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், இங்கே வசிக்கும் தனிநபர் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ விலக்கு கிடைக்கும். வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாள்வரை வீடு அமையவில்லை என்றால், பணத்தை சாதாரணச் சேமிப்புக் கணக்கில் விடாமல் வங்கியின் மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

பதிவான பத்திரத்தின் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பும் சொத்து வரியும் வாங்குபவர் பெயருக்கு மாறிவிட்டனவா என்று ஒரு மாதம் கழித்து விசாரியுங்கள், மாறும்வரை பாக்கிக்கான நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். மாற்றிக்கொடுக்கும் நாளில் மின் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் போனில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் அந்த மாதக் கட்டணத்துக்குப் பேச்சே இருக்காது.